டீசல் சிக்கனத்தின் பலன் யாருக்கு?

குலசேகரன்பட்டினத்துக் கடற்கரையில் வள்ளத்துக்காரர் கேனில் சுமந்து செல்லும் டீசலும், அதே ஊரைத் தொட்டுச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரே ஒரு மனிதரை ஏற்றிக்கொண்டு விரையும் பெரிய மோட்டார் காரின் டீசலும் ஒரே எண்ணெய்தான். ஒன்று வயிற்றுப் பிழைப்புக்கு எரிகிறது. மற்றொன்று சௌகரியத்துக்கு எரிகிறது. நமது மத்திய ஸர்க்கார் சென்ற பல ஆண்டுகளாக இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுத்து வந்திருக்கிறது. கொடுத்த காலத்திலும் இருவருக்கும் ஒன்றாகக் கொடுத்தது. பறித்த காலத்திலும் இருவரிடமும் ஒன்றாகப் பறித்தது. இதனைச் சமத்துவம் என்று சொல்வார் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை.

டீசல் கார்களைப் பற்றி இப்போது பேசுவானேன், அந்தக் காலம் மலையேறிவிட்டதே என்று நேயர்கள் கேட்கலாம். வாஸ்தவந்தான். 2012-13ஆம் ஆண்டில் நம் நாட்டில் விற்ற பிரயாணிக் கார்களில் பாதிக்கு மேல் டீசல் கார்களாக இருந்தன. பத்து ஆண்டுகளுக்குள் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. மாருதி கம்பெனியார் 2020 ஏப்ரலில் டீசல் கார் விற்பதையே நிறுத்திக்கொண்டனர். ஆனால் கார் போனாலும், அந்தக் காரை நம் தெருக்களில் பெருக்கிய யோசனைப் பிழை போகவில்லை. அது வேறு உருவில் மறுபடியும் தலைகாட்டுகிறது. அதனால்தான் இந்தப் பழைய கணக்கை ஒரு முறை புரட்டிப் பார்ப்பது அவசியமாகிறது.

முதலில் எஞ்சினுக்கு நியாயம் செய்வோம். ஜெர்மனி தேசத்து ருடால்ப் டீசல் என்பார் ஆக்ஸ்பர்க் நகரில் 1897ல் பரீட்சித்துக் காட்டிய யந்திரம், எரிபொருளின் சக்தியில் நூற்றுக்கு 26 பங்கை வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி யந்திரங்கள் அதில் பாதிகூடத் தரவில்லை. டீசல் யந்திரத்தின் இரகசியம் மிக எளிது. பெட்ரோல் எஞ்சினில் காற்றையும் பெட்ரோல் ஆவியையும் கலந்து ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக நெருக்கி, மின்பொறியால் கொளுத்துகிறார்கள். டீசல் எஞ்சினில் காற்றை மட்டும் பதினைந்து இருபது மடங்கு நெருக்குகிறார்கள். நெருக்கிய காற்று தானே கொதிக்கிறது. அதில் எண்ணெயைப் பீச்சினால் பொறியின்றியே பற்றிக்கொள்ளுகிறது. எவ்வளவுக்கு நெருக்கம் அதிகமோ அவ்வளவுக்கு ஒரே எண்ணெயிலிருந்து அதிக வேலை கிடைக்கும். எனவே டீசல் எஞ்சின் சிக்கனமானது என்பது விளம்பரக்காரர் கட்டிய கதையன்று.

ஆனால் அந்தச் சிக்கனம் எவ்வளவு என்பதில்தான் ஏமாற்றம் நுழைகிறது. ஒரு லிட்டர் டீசல் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடக் கனமானது; அதில் அடங்கிய சக்தியும் சுமார் எட்டில் ஒரு பங்கு அதிகம். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பேசும்போது இந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது. பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டரும், அதே அளவுள்ள டீசல் கார் 20 கிலோமீட்டரும் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு பங்கு லாபம் போலத் தோன்றும். வெளிவரும் கரியமில வாயுவைக் கணக்கிட்டாலோ, நூறு கிலோமீட்டருக்குப் பெட்ரோல் கார் சுமார் 15.4 கிலோவும் டீசல் கார் 13.4 கிலோவும் கக்குகின்றன. வித்தியாசம் நூற்றுக்குப் பதின்மூன்றுதான். படியை மாற்றி அளந்தால் நெல்லின் அளவும் மாறுவதுபோலத்தான் இதுவும்.

இனிப் பணக் கணக்குக்கு வருவோம். 2012 மே மாதக் கடைசியில் டில்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய் 18 காசு. டீசல் 40 ரூபாய் 91 காசு. மேற்சொன்ன இரு கார்களும் நூறு கிலோமீட்டர் ஓடினால், பெட்ரோல் காருக்கு 488 ரூபாய். டீசல் காருக்கு 205 ரூபாய். மிச்சம் 283 ரூபாய். டீசலும் பெட்ரோல் விலைக்கே விற்றிருந்தால் டீசல் காருக்கு 366 ரூபாய் ஆகியிருக்கும். மிச்சம் 122 ரூபாய்தான். ஆக, கார்க்காரர் பையில் விழுந்த 283 ரூபாயில் 122 ரூபாய் டீசல் என்னும் அறிஞர் கொடுத்தது. பாக்கி 161 ரூபாய் நம் பொதுக் கஜானாவும் எண்ணெய்க் கம்பெனிகளும் கொடுத்தவை. எஞ்சினின் பெருமை என்று ஊரெல்லாம் பேசியதில் பாதிக்கு மேல் ஸர்க்காரின் தர்மம்!

இந்தத் தர்மம் யாருக்காக ஏற்பட்டது? நீர் இறைக்கும் உழவனுக்காக. வலை வீசும் மீனவனுக்காக. ஏழையை ஏற்றிச் செல்லும் பஸ்ஸுக்காக. அரிசி பருப்புச் சுமக்கும் லாரிக்காக. போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள். 2012-13ஆம் ஆண்டில் டீசலை அடக்க விலைக்குக் கீழே விற்றதில் ஏற்பட்ட குறைவு 92,000 கோடி ரூபாய்க்கு மேல். பெட்ரோலிய மந்திரி இலாகாவின் கணக்கெடுப்புப் பிரிவு நீல்ஸன் கம்பெனி மூலம் அதே காலத்தில் நடத்திய ஆராய்ச்சியில், டீசலில் நூற்றுக்கு 13 பங்கைச் சொந்தக் கார்கள் குடித்தன என்று கண்டார்கள். விவசாயம் முழுவதற்கும் போனதும் அதே 13 பங்குதான். பஸ்களுக்குப் பத்துப் பங்குகூட இல்லை. இந்த விகிதத்தை அப்படியே வைத்துக் கணக்கிட்டால், அந்த ஒரே ஆண்டில் சொந்தக் கார் வைத்திருந்த கனவான்களுக்குப் போன நன்கொடை ஏறக்குறைய 12,000 கோடி ரூபாய். ஏழைக்கென்று வைத்த கஞ்சித் தொட்டியில் வெள்ளிக் கிண்ணத்துடன் வந்து வரிசையில் நின்றவர்கள் இவர்கள்.

இதை முன்கூட்டியே எச்சரிக்க ஆள் இல்லாமற் போகவில்லை. 2010 பிப்ரவரியில் கிரித் பரீக் தலைமையிலான நிபுணர் குழு, எண்ணெய் விலைகளைச் சந்தைக்கு விட்டுவிட வேண்டும் என்றும், டீசல் கார் ஒவ்வொன்றுக்கும் 80,000 ரூபாய் அதிகப்படி கலால் வரி விதிக்க வேண்டும் என்றும் யோசனை கூறியது. அவ்வாண்டு ஜூனில் பெட்ரோல் விலை மட்டும் கட்டவிழ்க்கப்பட்டது. டீசல் விலை கட்டுண்டே கிடந்தது. கார் வரியோ அலமாரிக்குப் போயிற்று. விளைவு என்ன? இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசம் மாதத்துக்கு மாதம் விரிந்தது. கார் ஆலைக்காரர்கள் டீசல் எஞ்சின் சாலைகளுக்கு முதல் போட்டார்கள். 2016 பட்ஜெட்டில்தான் டீசல் கார்களுக்கென்று சிறு செஸ் ஒன்று வந்தது. அதற்குள் வித்தியாசமே பெரும்பாலும் கரைந்துவிட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

இடையில் 2013 ஜனவரியில் நடந்த வேடிக்கையை மறந்துவிடக் கூடாது. டீசல் நஷ்டத்தைக் குறைப்பதற்கு மத்திய ஸர்க்கார் ஒரு யுக்தி கண்டது. சில்லறையாக வாங்குவோருக்கு மாதம் சுமார் 50 காசு வீதம் விலையேற்றம். மொத்தமாக வாங்குவோருக்கு உடனே சந்தை விலை. மொத்தமாக வாங்குவோர் யார்? ரயில்வே, ராஜ்ய ஸர்க்கார்களின் பஸ் கழகங்கள். மீனவர்களுக்கு டீசல் வழங்கும் நிலையங்களும் இந்தச் சுழலில் சிக்கின. ஐம்பது பேரை ஏற்றிச் செல்லும் பஸ்ஸுக்கு லிட்டருக்குச் சுமார் பத்து ரூபாய் அதிகம். ஒருவரை ஏற்றிச் செல்லும் காருக்குப் பழைய சலுகை! தமிழ்நாட்டு ஸர்க்கார் பஸ்கள் தங்கள் டெப்போக்களை விட்டுத் தனியார் பங்க்குகளில் கார்களின் பின்னால் வரிசையில் நின்று டீசல் போட்டுக்கொண்ட காட்சியை அப்போது கண்டோம். உலகத்தில் வேறெந்தத் தேசத்திலாவது பொது ஜன வாகனம் இப்படிப் புறவாசல் வழியாக நுழைந்து தன் உரிமையைப் பெற்றிருக்குமா என்பது சந்தேகம். 2022 மார்ச்சில் மொத்த விலை மறுபடியும் லிட்டருக்கு 25 ரூபாய் உயர்ந்தபோது இதே கஷ்டம் திரும்பி வந்தது. பாடம் படிக்காத மாணவனுக்குப் பரீட்சை மட்டும் தவறாமல் வருகிறது.

அமெரிக்கர்கள் இவ்விஷயத்தில் நமக்கு நேர் எதிராக நடந்துகொண்டனர் என்பது கவனிக்கத் தக்கது. அங்கே 1973ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதால் பங்க்குகளில் நீண்ட வரிசைகள் ஏற்பட்டன. 1975ல் ஒரு சட்டம் செய்து, ஒவ்வொரு கம்பெனியும் விற்கும் கார்களின் சராசரி ஓட்டம், 1985க்குள் காலனுக்கு 27.5 மைல் ஆக வேண்டும் என்று விதித்தார்கள். பெரிய கார் பழகிய ஜனங்கள். சிறிய காரை விரும்பாத கம்பெனிகள். குறுக்கு வழி தேடிய ஜெனரல் மோட்டார்ஸ், 1978ல் தன் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் டீசல் எஞ்சினைப் புகுத்தியது. 1981ல் அமெரிக்காவில் விற்ற கார்களில் நூற்றுக்கு ஆறு டீசல் கார்கள். அவசரத்தில் செய்த அந்த எஞ்சினில் தலைப்பகுதியை இறுக்கும் போல்ட்டுகள் டீசலின் நெருக்கத்தைத் தாங்கவில்லை. எண்ணெயில் கலந்த தண்ணீரைப் பிரிக்கும் சாதனமும் வைக்கப்படவில்லை. வாங்கியவர்கள் வழக்குத் தொடர்ந்தனர். 1985ல் அது நின்றது. அதன் பின் அமெரிக்கக் குடும்பஸ்தன் டீசல் காரைத் திரும்பிப் பார்க்க வெகு காலம் ஆயிற்று.

எஞ்சினின் கெட்ட பெயர் ஒரு காரணமென்றால், வரி மற்றொரு காரணம். அமெரிக்க மத்திய வரி 1993 முதல் காலனுக்குப் பெட்ரோல் மீது 18.4 சென்ட்; டீசல் மீது 24.4 சென்ட். டீசலுக்குத்தான் அதிகம். கனமான லாரிகள் சாலையை அதிகம் தேய்க்கின்றன, ஆகவே அவை அதிகம் கொடுக்கட்டும் என்பது அவர்கள் நியாயம். சலுகை இல்லாத இடத்தில் டீசல் எஞ்சின் தன் சொந்தக் காலில் நிற்க வேண்டியிருந்தது. லாரியிலும் ரயிலிலும் அது மலைபோல் நின்றது, காரில் விழுந்தது. கனத்தைத் தொலைதூரம் இழுக்கும் வேலைக்கு டீசல் தகுந்தது, கடைக்குப் போய்வரும் காருக்கு அது அவ்வளவு தகுந்ததன்று என்ற உண்மையை எந்த நிபுணர் குழுவும் இல்லாமலே அமெரிக்கச் சந்தை கண்டுகொண்டது.

ஐரோப்பியர் நம்மைப் போல் டீசலுக்கு வரியைக் குறைத்தார்கள். அங்கே புதுக் கார்களில் பாதி டீசலாயிற்று. அந்தக் கார்களை அமெரிக்காவில் கொண்டுபோய் விற்க வோக்ஸ்வாகன் கம்பெனி செய்த தந்திரந்தான் 2015 செப்டம்பரில் சந்தி சிரித்தது. பரிசோதனைச் சாலையில் மட்டும் புகையை அடக்கிக்கொண்டு, தெருவில் இறங்கியதும் அனுமதித்த அளவுக்கு நாற்பது மடங்கு வரை நைட்ரஜன் விஷ வாயுவைக் கக்கும்படி கார்களின் கம்ப்யூட்டரில் ஏற்பாடு செய்திருந்தார்கள். உலகெங்கும் ஒரு கோடியே பத்து லட்சம் வண்டிகள். நம் நாட்டிலும் அக்கம்பெனி மூன்று லட்சத்து இருபதாயிரத்துக்கு மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாக அறிவிக்க நேர்ந்தது. டீசல் புகை புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆராய்ச்சிக் கழகம் 2012லேயே தீர்மானமாகச் சொல்லிவிட்டது. நாம் 12,000 கோடி நன்கொடை கொடுத்தது அதே ஆண்டுக் கணக்கில்தான் என்பதை நேயர்கள் மறக்க வேண்டாம்.

2014 அக்டோபரில் டீசல் விலையும் கட்டவிழ்க்கப்பட்டது. எஞ்சினில் யாதொரு மாறுதலும் இல்லை. கார் விற்பனை மட்டும் சரியத் தொடங்கிற்று. 2020ல் வந்த கடுமையான புகை விதிகளினால் டீசல் காரின் விலை ஏறியதும் ஒரு காரணமே. இன்று டீசல் காருக்கு லட்ச ரூபாய் அதிகம் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், 2024 மார்ச்சில் சென்னையில் இருந்த விலைகளின்படி — பெட்ரோல் சுமார் 101, டீசல் சுமார் 92 — கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் சொச்சம் மிச்சமாகும். லட்ச ரூபாயை மீட்க 48,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். வருஷத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டும் குடும்பஸ்தருக்கு ஐந்து வருஷம். திருச்செந்தூருக்கும் தூத்துக்குடிக்கும் இடையே நாள் தவறாமல் வாடகைக்கு ஓட்டுபவருக்கு ஒரே வருஷம். டீசல் யாருக்கு ஏற்றது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இதோடு கதை முடிந்திருந்தால் நாம் பேனாவைக் கீழே வைத்திருப்போம். சலுகை போனபோது கார்க்காரருக்கு மட்டும் போகவில்லை. 2014 மேயில் டீசல் மீது மத்திய கலால் வரி லிட்டருக்கு 3 ரூபாய் 56 காசு. 2020 மேயில் அது 31 ரூபாய் 83 காசு. ஆறு ஆண்டுகளில் ஏறக்குறைய ஒன்பது மடங்கு! அந்தக் காலத்தில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை பன்முறை விழுந்தது. விழுந்ததை ஜனங்கள் கையில் சேரவிடாமல் கஜானா வழியிலேயே மடக்கிக்கொண்டது. 2021 நவம்பரிலும் 2022 மேயிலும் இரு முறை குறைத்து 15 ரூபாய் 80 காசுக்குக் கொண்டுவந்தார்கள். குறைத்த பிறகும் அது பழைய வரியைப்போல் நான்கு மடங்குக்கு மேல்.

அந்த 31 ரூபாய் 83 காசில் 18 ரூபாய்க்குப் பெயர் என்ன தெரியுமா? சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ். மணப்பாட்டிலிருந்தும் குலசேகரன்பட்டினத்திலிருந்தும் விடியுமுன் கிளம்பும் வள்ளம் எந்தச் சாலையில் ஓடுகிறது? மன்னார் வளைகுடாவில் எத்தனை மைல் தார் ரோடு போட்டிருக்கிறார்கள்? கடலில் எரியும் எண்ணெய்க்குச் சாலை வரி வாங்கிய விசித்திரத்தை டில்லியில் ஒருவரும் விசித்திரமாக நினைத்ததாகத் தெரியவில்லை. செஸ் என்று பெயர் வைத்தால் ராஜ்யங்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை என்பது இதிலுள்ள உள் ரகசியம்.

தமிழ்நாட்டு ஸர்க்கார் தன் விற்பனை வரியை மீனவர்களுக்குத் தள்ளிக் கொடுக்கிறது. விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டராகவும் நாட்டுப் படகுக்கு 4,000 லிட்டராகவும் இருந்த அளவை 19,000 ஆகவும் 4,400 ஆகவும் உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல் மந்திரி அறிவித்தார். நல்ல காரியம். இதில் நாம் பாராட்டுவது தொகையை அல்ல; முறையை. படகுக்குப் பதிவு உண்டு, லிட்டருக்கு அளவு உண்டு, பெறுபவர் யாரென்று தெரியும். எண்ணெய்க்கு அல்லாமல் தொழிலுக்குக் கொடுக்கும் சலுகை இது. மத்திய ஸர்க்கார் 2014க்கு முன் இந்த முறையைக் கைக்கொண்டிருந்தால், 92,000 கோடியில் சிறு பங்கைக் கொண்டே உழவனையும் மீனவனையும் பஸ்ஸையும் காப்பாற்றியிருக்கலாம்.

அவசியப் பொருளின் மேல் விழும் வரி எப்படி உறுத்தும் என்பதை இந்தக் கரைக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. குலசேகரன்பட்டினத்து உப்பளம் 1942ல் நாடறிந்த இடமாயிற்று. அந்நிய ஸர்க்கார் உப்பில் கை வைத்தது. நம் ஸர்க்கார் படகின் எண்ணெயில் கை வைத்தது. இரண்டும் ஒன்றென்று நாம் கூறமாட்டோம். ஒன்றுக்கு வோட்டு இருக்கிறது, மற்றொன்றுக்கு இல்லை. வோட்டு இருப்பதால்தான் கேள்வி கேட்கிறோம்.

பிரயாணத்தின் சிக்கனத்தை லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அளப்பதே தவறு என்று நமக்குத் தோன்றுகிறது. ஒரு லிட்டரில் எத்தனை மனிதர் எவ்வளவு தூரம் போனார்கள் என்று அளக்க வேண்டும். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் காரில் ஒருவர் போனால் கணக்கு இருபது. லிட்டருக்குச் சுமார் 5 கிலோமீட்டரே ஓடும் ஸர்க்கார் பஸ்ஸில் ஐம்பது பேர் போனால் கணக்கு இருநூற்று ஐம்பது. தசராவுக்கு முத்தாரம்மன் சன்னதிக்கு வேடம் கட்டிய பக்தர்கள் பதினைந்து பேர் நெருக்கி உட்கார்ந்து வரும் பழைய வேன், லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர்தான் ஓடும்; ஆனாலும் கணக்கு நூற்றைம்பது. பளபளக்கும் புதுக் காரைவிட அந்த ஓட்டை வேன் ஏழரை மடங்கு சிக்கனம்! (அதன் புகையைப் பற்றி நாம் வாய் திறக்கவில்லை, அதைச் சோதனை செய்து சான்றிதழ் கொடுக்கும் நிலையங்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.)

இப்போது மின்சாரக் கார்களின் காலம். 2019 ஆகஸ்ட் முதல் மின்சார வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி நூற்றுக்கு 5தான். பத்து லட்ச ரூபாய்க் காருக்கும் ஐந்து. கோடி ரூபாய்க் காருக்கும் அதே ஐந்து. தூத்துக்குடியிலேயே மின்சாரக் கார் ஆலை எழுந்திருக்கிறது. அதை நாம் வரவேற்கிறோம். மின்சாரம் நல்லது என்பதில் ஆட்சேபமில்லை. டீசல் எஞ்சினும் நல்லதாகத்தான் இருந்தது. ஏறுபவர் யார், எத்தனை பேர், எதற்காக என்று பாராமல் எரிபொருளின் பெயரைப் பார்த்துச் சலுகை வழங்கினால், அது மறுபடியும் கோடி ரூபாய்க் கார்க்காரரின் வாசலுக்குத்தான் போகும். பஸ், ஷேர் ஆட்டோ, வாடகை வண்டி ஆகியவற்றுக்கு ஐந்து சதவீதம் இருக்கட்டும். சொந்தக் காருக்கு விலையை ஒட்டி வரி ஏறட்டும். அதனால் மின்சாரக் கார் வாங்கும் செல்வந்தர் எவரும் பட்டினி கிடக்கப்போவதில்லை.

டீசலைப் பொறுத்தமட்டில் மத்திய ஸர்க்காரிடம் நாம் கேட்பது இரண்டே. பஸ் கழகங்களுக்கு எக்காலத்திலும் சில்லறை விலைக்கு மேல் டீசல் விற்கலாகாது என்று சட்டபூர்வமாக உறுதி வேண்டும். பதிவு செய்த மீன்பிடி படகு வாங்கும் டீசலில் சாலை செஸ் ஒரு காசு இருந்தாலும் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ராஜ்ய ஸர்க்காரிடம் படகுகளின் ஜாபிதா இருக்கிறது, அளவும் நிர்ணயமாகியிருக்கிறது. டில்லியிலிருந்து ஓர் உத்தரவு மட்டுமே பாக்கி.